தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் அன்றாடம்

அயல்நாட்டுக்கு ஊழியம் செய்யப் போன ஓர் இளம் மிஷனரியின் நாள் எப்படிக் கழிந்தது, அவர் யார் யாரைச் சந்தித்தார், அந்தச் சந்திப்புகளால் அவரிடம் ஏதேனும் மாற்றம் நிகழ்ந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுப்படையாகப் பதில் சொன்னால் அது எல்லாருக்கும் பொருந்துவது போலத் தோன்றி, கடைசியில் யாருக்கும் பொருந்தாமல் போய்விடும். ஆகவே, நான் பல ஆண்டுகளாகப் படித்துவரும் ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்குதான் அவர். அவருடைய அன்றாடத்தை நாம் ஊகிக்க வேண்டிய தேவை இல்லை. காலையில் இந்த நேரத்தில் இதைச் செய்தேன், மாலையில் இன்னதைக் கேட்டேன் என்று அவரே ஐரோப்பாவிலிருந்த தம் நண்பர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அந்தக் கடிதங்களை வைத்து அவருடைய நாளை மணிக்கணக்கில் பிரித்துப் பார்த்தால், பேசிய நேரத்தைவிடக் கேட்ட நேரமே மிகுதி என்பது தெரியவரும். அவரைப் புரிந்துகொள்ள இதுவே சரியான வாசல் என்று நான் கருதுகிறேன்.

சீகன்பால்கு 1682இல், ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். தாய் இறக்கும் தறுவாயில், உங்களுக்காக ஒரு பெரிய புதையலை வேதப் புத்தகத்துக்குள் சேர்த்து வைத்திருக்கிறேன், அதைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னதாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வயிற்றுக் கோளாறு இளமையிலிருந்தே அவரைத் தொடர்ந்து வருத்தியது. அதனால் படிப்பும் இடையிடையே தடைப்பட்டது. ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற இறையியலாளரிடம் அவர் பயின்றார். ஃபிராங்கே நடத்திய அனாதை இல்லமும் பள்ளிகளும் அப்போது ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டவை. அங்கே கண்டதைத்தான் பிறகு தரங்கம்பாடியிலும் செய்ய முயன்றார் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் தம் ஆட்சிக்குட்பட்ட தரங்கம்பாடிக்கு மிஷனரிகளை அனுப்ப விரும்பியபோது, சீகன்பால்குவும் அவரைவிடச் சில ஆண்டுகள் மூத்தவரான ஹென்ரிக் புளூட்சோவும் தெரிவு செய்யப்பட்டனர். 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்ற கையோடு, அந்த மாத இறுதியிலேயே சோபியா ஹெட்விக் என்ற கப்பலில் ஏறினார்கள். ஏழு மாதத்துக்கும் மேலான கடற்பயணத்துக்குப் பிறகு, 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடி மண்ணில் கால் வைத்தபோது சீகன்பால்குவுக்கு வயது 24கூட நிரம்பியிருக்கவில்லை.

தரங்கம்பாடி அப்போது எப்படி இருந்தது என்பதைச் சற்றுச் சொல்ல வேண்டும். 1620இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரிடமிருந்து டேனிஷ்காரர்கள் பெற்ற இடம் அது. கடலோரத்தில் டேன்ஸ்பர்க் கோட்டை, அதற்குச் சிறிது தொலைவில் அலை வந்து மோதும் மாசிலாமணி நாதர் கோயில், மதிலுக்குள் வணிகர் தெருக்கள், மதிலுக்கு வெளியே தஞ்சை மராத்தியரின் ஆட்சி என்ற அமைப்பில் அந்த ஊர் இருந்தது. சைவர், வைணவர், இஸ்லாமியர், கத்தோலிக்கர், டேனிஷ் சிப்பாய்கள், ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள் என எல்லாரும் ஒரு நாழிகை நடைக்குள் வாழ்ந்தார்கள். கப்பல் கரைக்கு வரும் துறைமுகம் அங்கே கிடையாது; நங்கூரமிட்ட கப்பலிலிருந்து படகில் அலைகளைக் கடந்துதான் கரை சேர வேண்டும். அப்படி வந்து சேர்ந்த இரு இளைஞர்களையும் கோட்டைத் தளபதி ஹாசியஸ் காலையிலிருந்து மாலை வரை காக்கவைத்தார். பிறகு வந்து, இங்கே உங்களுக்கு என்ன வேலை என்ற தொனியில் விசாரித்துவிட்டுச் சந்தை வெளியில் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். வணிகக் கம்பெனியைச் சேர்ந்த ஒருவர் இரக்கப்பட்டுத் தங்க இடம் காட்டியதால்தான் முதல் இரவு கழிந்தது. அரசர் கொடுத்த கடிதம் கையில் இருந்தும் நேர்ந்தது இது. உள்ளூர் மக்களிடம் சமயம் பேசும் ஒருவர் வந்தால் வணிகத்துக்கு இடையூறு வரும் என்ற அச்சம் கோட்டையில் இருந்தவர்களுக்கு இருந்தது.

அவருக்கு நேர்ந்த முதல் பெரிய சந்திப்பு ஒரு வாத்தியாருடன். எழுபது வயதை ஒட்டிய ஒரு தமிழ் ஆசிரியர் நடத்திவந்த திண்ணைப் பள்ளிக்கூடத்தை அவர் கண்டார். அந்தப் பள்ளியைத் தம் வீட்டிலேயே நடத்துமாறு ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு, பிள்ளைகள் உட்கார்ந்த வரிசையிலேயே தாமும் புளூட்சோவும் உட்கார்ந்தார்கள். தரையில் மணலைப் பரப்பிச் சமப்படுத்தி, ஆசிரியர் ஓர் எழுத்தை உரக்கச் சொல்ல, பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொல்லியபடியே சுட்டுவிரலால் மணலில் எழுதுவார்கள். எழுதியதைக் கையால் அழித்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போவார்கள். நம் தாத்தா, பாட்டி தலைமுறையில் பலர் எழுத்து கற்ற முறை இதுதான். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே, சட்டையும் காலுறையும் அணிந்த இரண்டு வளர்ந்த ஆண்கள் தரையில் காலை மடக்கி உட்கார்ந்து, அகரம் எழுதி, அழித்து, மறுபடியும் எழுதிய காட்சியை எண்ணிப் பாருங்கள். பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் எபிரேயமும் படித்துவிட்டு வந்தவர் அவர். அந்த மணலில் உட்காரத் தயங்கியிருந்தால் அவருடைய பிற்கால வேலைகளில் எதுவுமே நடந்திருக்காது.

ஆனால் அந்த முறைக்கு ஓர் எல்லை இருந்தது. ஆசிரியருக்குப் போர்த்துக்கேயம் தெரியாது. மாணவர்களுக்குத் தமிழ் தெரியாது. எழுத்தை வாசிக்கலாம், உச்சரிக்கலாம், ஆனால் வாசித்ததன் பொருள் என்ன என்று விளக்க இருவருக்கும் பொதுவான ஒரு மொழி இல்லை. சோழமண்டலக் கடற்கரையில் ஐரோப்பியரும் உள்ளூராரும் பேசிக்கொள்ள அப்போது பயன்பட்டது ஒருவகைப் போர்த்துக்கேயம்தான். எனவே புளூட்சோ பெரிதும் அந்த மொழியின் பக்கம் போனார். சீகன்பால்கு தமிழைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் துணையாக வந்தவர் கடிதங்களில் அலெப்பா என்று குறிக்கப்படும் அழகப்பன். கம்பெனியில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த அவருக்குத் தமிழோடு போர்த்துக்கேயம், டேனிஷ், ஜெர்மன், டச்சு ஆகிய மொழிகளும் தெரிந்திருந்தன. ஒரு சொல்லை மட்டுமல்லாமல், அந்தச் சொல்லை எந்த இடத்தில் யார் யாரிடம் சொல்லலாம் என்பதையும் சொல்லித்தரக்கூடிய மனிதர் அவர். சீகன்பால்குவைப் பற்றி எழுதுவோர் அழகப்பனை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும். எட்டு மாதத்தில் தமிழில் வாசிக்கவும் எழுதவும் பேசவும் முடிந்தது என்று சீகன்பால்கு மகிழ்ந்து எழுதுகிறார் என்றால், அந்த எட்டு மாதத்தில் பாதி அழகப்பனுடையது.

இனி, நீங்கள் கேட்ட ஒரு நாளின் ஒழுங்குக்கு வருகிறேன். காலை வேண்டுதல் முடிந்ததும் ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை, முன்பே கற்று எழுதிவைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். எட்டு மணி முதல் நண்பகல் பன்னிரண்டு வரை, முன்பு படிக்காத தமிழ்ச் சுவடிகளை மட்டும் படிப்பார். அப்போது அவருக்கு அருகில் வயதான ஒரு புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். செய்யுளில் ஒரு கடினமான இடம் வந்தால் புலவர் அதைப் பேச்சுவழக்கில் மாற்றிச் சொல்ல வேண்டும். புதிய சொல்லோ தொடரோ வந்த உடனே எழுத்தர் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சாப்பிடும்போதும் ஒருவர் வாசித்துக்கொண்டிருப்பார். பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை மறுபடியும் சுவடிகள். இரவு ஏழிலிருந்து எட்டு வரை, கண்ணுக்கு வலி ஏற்படாமலிருக்க, தாம் படிக்காமல் வேறொருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். தம் பேச்சிலும் எழுத்திலும் பின்பற்றத் தக்க நடை உடைய ஆசிரியர்களையே விரும்பித் தெரிந்தெடுத்தார் என்றும், ஒரே நூலை நூறு முறைகூடப் படிக்கச் சொல்லிக் கேட்டதால் அதில் தமக்குத் தெரியாத சொல்லே இல்லாமல் போனது என்றும் அவர் எழுதுகிறார்.

இந்த அட்டவணையில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் என்னும் கிறிஸ்தவ மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த நேரமும், வருவோர் போவோரிடம் பேசிய நேரமும் இடையிடையே உண்டு. என்றாலும், ஏட்டின் முன்னால் புலவரோடு அமர்ந்திருந்த நேரத்தோடு ஒப்பிட்டால் அவை குறைவு. ஏடு படிப்பதே தனிப் பழக்கம் வேண்டும் ஒரு வேலை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். எழுத்தாணியால் கீறிய எழுத்துக்குப் புள்ளி இராது. ‘க’ என்று எழுதியிருப்பது ‘க்’ ஆகவும் இருக்கலாம். நெடில் குறில் வேறுபாடும் சில எழுத்துகளில் காட்டப்பட்டிருக்காது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும் இராது. ஓசை தெரிந்தவருக்குத்தான் சொல் பிரியும். அதனால்தான் அவர் கண்ணைவிடக் காதை நம்பினார் போலும். வெண்பாவைப் புலவர் சந்தி பிரித்து ஒருமுறை, சேர்த்து ஒருமுறை படித்துக் காட்டும்போது கேட்பவருக்குக் கிடைப்பது அகராதியில் கிடைக்காத ஒன்று.

அவர் சுவடி சேர்த்த விதமும் ஒரு வகையில் மனிதர்களைச் சந்தித்த கதைதான். தம் எழுத்தர்களைப் பல நாள் நடைத் தொலைவில் இருந்த உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பினார். கணவனை இழந்த பிராமணப் பெண்களின் வீடுகளில் படிப்பாரின்றிக் கிடந்த சுவடிகளை விலைக்கு வாங்கி வரச் செய்தார். விலைக்குக் கிடைக்காதவற்றைப் படியெடுத்தார்கள். இரண்டே ஆண்டில், 1708இல், தம்மிடம் சேர்ந்த நூல்களுக்கு ஒரு விளக்கப் பட்டியல் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அதில் தமிழ்ச் சைவ, வைணவ, நீதி நூல்கள் முதலியவை மட்டும் 119. திருக்குறளும் அதில் உண்டு. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் மொழிபெயர்த்தார். மலபாரியர் என்று ஐரோப்பியர் அப்போது அழைத்த தமிழர்களைப் பற்றித் தாமும் முதலில் தவறாகவே எண்ணியிருந்ததாக அவர் ஒப்புக்கொள்கிறார். இந்த மொழிக்கு முறையான இலக்கணம் இருக்கும் என்றோ, இந்த வாழ்க்கைக்கு ஒழுங்கும் சட்டமும் இருக்கும் என்றோ வந்த புதிதில் தாம் நினைக்கவே இல்லை என்றும், நூல்களைப் படித்த பிறகுதான் அந்த எண்ணம் போயிற்று என்றும் வெளிப்படையாக எழுதினார். அயல்நாட்டில் ஊழியம் செய்த ஒருவர், தம்மை அனுப்பியவர்களுக்கே இப்படி எழுதுவது எளிதல்ல.

இதனால் அவர் தொடக்கத்திலிருந்தே பக்குவப்பட்டவர் என்று எண்ணிவிட வேண்டாம். வந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாக இராது. ஊருக்கு வெளியே ஒரு கோயிலில் வைத்திருந்த சிறு உருவங்களைக் கண்டு, அவற்றுக்கு ஆற்றல் இல்லை என்று காட்டுவதற்காகச் சிலவற்றைக் கீழே தள்ளினார். சிலவற்றின் தலையை உடைத்தார். அங்கிருந்த படித்த தமிழர் ஒருவர் சினந்து கூச்சலிடவில்லை. இவை கடவுள் அல்ல, கடவுளின் படைவீரர்கள் என்று விளக்கம் சொன்னார். பிறர் வழிபடும் இடத்தில் கை வைத்தது தவறு. எந்தப் பக்திப் பெருக்காலும் அதை நியாயப்படுத்த முடியாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அந்தப் பதில் அவர் காதில் விழுந்தது என்பதையும் நான் கவனிக்கிறேன். தம் செயலை எழுதிய அதே கடிதத்தில் எதிராளி சொன்ன விளக்கத்தையும் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் ஐயனார், பிடாரி, கிராம தெய்வங்கள், அவர்களின் பரிவாரங்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிந்து பக்கம் பக்கமாக எழுதியவரும் அவரேதான்.

அன்றாடம் வீட்டுக்கு வந்து வாதம் செய்தவர்கள் பலர். பிராமணர், வணிகர், பண்டாரங்கள், இஸ்லாமியர் எனப் பலரும் வந்தார்கள். இந்த உரையாடல்களில் 34 ஆங்கிலமாக்கப்பட்டு 1719இல் லண்டனில் அச்சாயின. அவற்றைப் படித்தால் தமிழர்கள் வாயடைத்து நின்றவர்களாகத் தெரியவில்லை. அவரவர்க்கு அவரவர் வழியைக் கடவுள் வைத்திருக்கிறார் என்றார்கள் சிலர். உங்கள் வேதம் அவ்வளவு நல்லதென்றால் இந்த ஊரில் இருக்கும் உங்கள் கிறிஸ்தவர்கள் ஏன் குடித்துப் புரண்டு கிடக்கிறார்கள் என்று கேட்டார்கள் சிலர். இரண்டாவது கேள்விக்குச் சீகன்பால்குவிடம் நல்ல பதில் இல்லை. கோட்டைச் சிப்பாய்களின் நடத்தை தமக்குப் பெருந்தடை என்று அவரே முறையிடுகிறார். நேரில் பேசத் தயங்குவோர் எழுத்தில் மனம் திறப்பார்கள் என்று கருதி, 1712 முதல் 1714 வரை தமிழர்களிடம் கேள்விகள் அனுப்பிக் கடிதமாகப் பதில் வாங்கினார். அப்படி வந்தவற்றில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் வெளியாயின. கிறிஸ்தவ மதத்தை ஏன் ஏற்க மறுக்கிறீர்கள் என்ற கேள்விக்கு வந்த பதில்களில் தத்துவம் குறைவு, அன்றாடம் அதிகம். பசு இறைச்சி உண்கிறீர்கள், மது அருந்துகிறீர்கள், கால்கழுவுவதில்லை, உடல் தூய்மை பேணுவதில்லை என்று கூச்சமின்றி எழுதியிருக்கிறார்கள். அவற்றை மறைக்காமல் மொழிபெயர்த்துத் தம் நாட்டாருக்கு அனுப்பிய பண்பு எனக்குப் பெரிதாகப் படுகிறது. இக்கடிதங்களில் பலவற்றை எழுதியவர் அழகப்பனே என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அப்படியானால், அவர் சீகன்பால்குவுக்குச் சொல் கற்பித்ததோடு நிற்காமல், கடைசி வரை எதிர்வாதமும் கற்பித்திருக்கிறார்.

சபை வளர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1707 மே மாதம் ஐந்து அடிமைகள் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆகஸ்டில் எருசலேம் ஆலயம் என்ற சிறு கோயில் திறக்கப்பட்டது. செப்டம்பரில் தமிழர் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். அதே ஆண்டில் பெண் குழந்தைகளுக்கு ஒரு பள்ளியும் தொடங்கியது. மதம் மாறியவர்கள் உறவையும் தொழிலையும் இழந்தார்கள். அவர்களுக்குச் சோறு போடும் பொறுப்பும் மிஷனரி வீட்டின் தலையில் விழுந்தது. முதலில் எழுத்து கற்பித்த முதிய ஆசிரியரின் மகன் கணபதி, புலமையுள்ள இளைஞர், 1709இல் ஞானஸ்நானம் பெற்றபோது அவருடைய உறவினர் பெரும் எதிர்ப்புக் காட்டினர். சில ஆண்டுகள் வேதக் கதைகளைப் பாட்டாக இயற்றித் தந்த அவர் பின்னர் பழைய மதத்துக்கே திரும்பினார். இப்படிப்பட்டவர்களைப் பற்றி அக்காலக் கிறிஸ்தவக் குறிப்புகள் கடுமையாகப் பேசும். ஆனால் இரண்டு வீடுகளுக்கு நடுவில் நின்ற அந்த இளைஞரின் பாடு சீகன்பால்குவின் பாட்டைவிடக் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பணமும் கோட்டையும் அவருக்கு ஓயாத தொல்லை. 1708இல் அவர்களுக்கென்று ஐரோப்பாவிலிருந்து வந்த பணப்பெட்டி, கப்பலிலிருந்து கரைக்கு வரும்போது படகு கவிழ்ந்து கடலில் போயிற்று. அந்தக் கரையில் நான் நின்றிருக்கிறேன். அமைதியான நாளிலும் அலை மடிந்து விழும் இடம் கரைக்கு மிக அருகில்தான் இருக்கிறது. உதவி அவ்வளவு அருகில் வந்து மூழ்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றவரின் மனநிலையை அங்கே நின்றால் ஓரளவு உணரலாம். அதே ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். ஒரு மாதம் கடந்த நிலையில், நவம்பர் 19ஆம் நாள், தளபதி ஹாசியஸ் அவரைக் கைது செய்து கோட்டைக்குள் அடைத்தார். நாவிதர் ஒருவரின் விதவை, காலமான கணவரின் கடன் வழக்கில் தமக்கு அநீதி நடந்தது என்று மிஷனரிகளிடம் வந்து முறையிட்டதும், எதிர்த்தரப்பில் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்ததும், சீகன்பால்கு அந்தப் பெண்ணுக்காகப் பேசியதும் உடனடிக் காரணம். தன் அதிகாரத்தை எதிர்க்கும் செயலாக அதைத் தளபதி எடுத்துக்கொண்டார். 1709 மார்ச் 26 வரை நான்கு மாதச் சிறை. தொடக்கத்தில் பேனாவும் தாளும்கூட மறுக்கப்பட்டன. நாள் முழுவதும் ஒருவர் படிக்கத் தாம் கேட்டுப் பழகியவருக்கு அந்தத் தனிமை எப்படி இருந்திருக்கும் என்பதுதான் அந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது.

சிறையிலிருந்து வந்த பிறகு வேலை விரிந்தது. 1709இல் யோகான் எர்ன்ஸ்ட் கிருண்ட்லர் வந்து சேர்ந்தார்; கடைசி வரை உடன் நின்றவர் அவரே. புளூட்சோ 1711இல் ஐரோப்பா திரும்பினார். புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1711 மார்ச்சில் முடிந்தது. லண்டனிலிருந்து அச்சுப்பொறியும் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துருக்களும் வந்தன. ஆனால் அந்த எழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு நூல் அச்சிட்டால் தாள் போதாது. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். தாளுக்காகப் பொறையாறில் ஆலையும் அமைத்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. தமிழில் அச்சு அவரால்தான் தொடங்கியது என்று சிலர் எழுதுவது பிழை. 1578இலேயே ஹென்ரிக் ஹென்ரிக்ஸ் பாதிரியாரின் தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் அச்சாகியிருந்தது. அந்தக் கத்தோலிக்கர்கள் உருவாக்கிய கிறிஸ்தவச் சொற்களைத் தேடிப் படித்துச் சீகன்பால்குவும் பயன்படுத்திக்கொண்டார். அவருடைய உரைநடை பேச்சுக்கு நெருக்கமானது. தரங்கம்பாடித் தமிழை வீரமாமுனிவர் பிற்காலத்தில் கடுமையாகப் பழித்ததில் ஒரு பகுதி நியாயம் இருக்கிறது. செய்யுளை அவ்வளவு கேட்டவரின் உரைநடையில் சில இடங்களில் தொடர் தடுமாறத்தான் செய்கிறது. ஆனால் படிப்பறியாத ஒருவருக்கு வாசித்துக் காட்டினால் புரிய வேண்டும் என்பதே அவர் நோக்கம். அந்த அளவில் அவர் கேட்டுப் பழகிய காது அவரைக் கைவிடவில்லை.

சந்திப்புகள் அவரை மாற்றினவா என்ற உங்கள் கேள்விக்கு 1713இல் அவர் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி என்ற நூலைத்தான் விடையாகக் காட்டுவேன். எல்லாவற்றுக்கும் மேலான பராபரவஸ்துவில் தொடங்கி, சிவன், திருமால், பிரமன், அவர்களின் குடும்பங்கள், கிராம தேவதைகள் வரை, தமிழர் வாயாலும் சுவடியாலும் கேட்டறிந்ததை ஒழுங்குபடுத்தி எழுதினார். அந்த மதம் மெய்யானது என்று அவர் ஒருநாளும் ஏற்கவில்லை. தம் நம்பிக்கையில் தளரவும் இல்லை. ஆனால் ஒருவரை மறுப்பதற்கு முன் அவர் உண்மையில் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்வது கடமை என்ற இடத்துக்கு அவர் வந்திருந்தார். அவருடைய ஆசிரியர் ஃபிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். மிஷனரிகளை அனுப்பியது புறமதத்தை ஒழிப்பதற்கே, அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அவர் சொன்ன காரணம். அந்த நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. 1711இல் எழுதிய, சித்தர் சிவவாக்கியரின் பாடல்களைப் பெரிதும் எடுத்தாண்ட மற்றொரு நூல் 1926இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. ஓர் ஊழியக்காரர் கண்டதையும் கேட்டதையும் அவரை அனுப்பியவர்கள் ஏற்க மறுக்கும் நிலை இன்றும் உண்டு என்பதால், இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

1714 இறுதியில் மலையப்பன் என்ற தமிழ் இளைஞரோடு ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். நீண்ட பயணத்திலும் பாடம் நிற்கவில்லை. லத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. அதே ஆண்டில் மரியா டோரத்தேயா சால்ஸ்மன் என்பவரை மணந்து அவரோடு திரும்பினார். 1717 அக்டோபர் 11ஆம் நாள் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. சிலுவை வடிவில் கட்டிய அந்தக் கோயில் இன்றும் தரங்கம்பாடி அரசர் தெருவில் நிற்கிறது. ஆனால் கோபன்ஹேகனில் மிஷன் வாரியத்தின் செயலராக இருந்த வெண்ட், அப்போஸ்தலர்கள் கையில் ஒன்றுமில்லாமல் நடந்தே போனார்கள், உங்களுக்குக் கட்டடங்களும் பள்ளிகளும் எதற்கு என்ற பொருள்படக் கடுமையாக எழுதினார். பசித்து வந்த பிள்ளைகளைப் பள்ளியில் வைத்துச் சோறிட்டவருக்கு அந்தக் கடிதம் தாங்க முடியாததாக இருந்தது. வயிற்று நோயும் முற்றியது.

1719 பிப்ரவரி 23ஆம் நாள், வயது 37 நிரம்பும் முன்பே அவர் இறந்தார். இறுதி நேரத்தில் முகத்தில் வெயில் அடிப்பது போல வெளிச்சமாக இருக்கிறது என்று சொன்னதாகவும், தமக்குப் பிடித்த ஜெர்மன் ஞானப்பாட்டு ஒன்றைப் பாடக் கேட்டதாகவும் உடனிருந்தவர்கள் எழுதிவைத்தார்கள். பதினாறு மாதங்களுக்கு முன் தாம் பிரதிஷ்டை செய்த ஆலயத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் கிருண்ட்லரும் காலமானார். அவர்களுடைய பள்ளிப் பிள்ளைகளில் ஒருவரான ஆரோன், 1733இல் தமிழர்களில் முதல் லுத்தரன் போதகராகக் குருப்பட்டம் பெற்று, தரங்கம்பாடி மதிலுக்கு வெளியே தஞ்சை நாட்டு ஊர்களில் நடந்து ஊழியம் செய்தார்.